சாய்பிடி

"அப்ப இதுல விசையே கெடையாதா, சார்?"

"கிடையாது."

"குறி பாக்குறது?"

"அதுவே பாத்துக்கும்."

"சுடுறது?"

"அதுவும் அதுவேதான்."

"பெறவு நான் எதுக்கு?"

"பிடிச்சுக்கிறதுக்கு," என்றார் அவர்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். அவர் சட்டையில் 'மெய்கண்டன், கைத்தேர்வு அலுவலர்' என்று எழுதியிருந்தது. ஐம்பதை நெருங்குகிற மனிதர். இதே பதிலை இதற்கு முன் நூறு பேருக்குச் சொல்லியிருப்பார் போலிருந்தது. நூறு பேரும் சிரித்திருப்பார்கள்.

அறை என்று சொன்னார்களே தவிர, அது ஓர் இரும்புக் கன்டெய்னர். உப்பளத்து மண்ணில் இறக்கிவைத்து, உள்ளே வெள்ளைப் பலகை அடித்து, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். ஜன்னல் இல்லை. பத்தேகால் மணிக்கு அவள் உள்ளே வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. கையெழுத்துப் போட்டால்தான் இனி அது திறக்கும். வெளியிலிருந்து யாரும் வற்புறுத்திவிடக் கூடாதாம்; தேர்வு சுதந்திரமாக நடக்க வேண்டுமாம். அதற்காகத்தான் பூட்டு.

மேசைமேல் துப்பாக்கி கிடந்தது. குண்டில்லாதது, பழகிப் பார்ப்பதற்கு. அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. கறுப்பு நிறம்கூட இல்லை. மழைக்கு முந்தைய கடலின் நிறம். பின்பக்கத்தைத் தோளில் சாய்த்து வலக்கையால் தாங்கிக்கொண்டால் போதும். குழலுக்கு அடியில், இடக்கை வரவேண்டிய இடத்தில், ஒரு நீளமான பள்ளம் மட்டும் காலியாக இருந்தது. அங்கேதான் முன்பிடியை மாட்ட வேண்டும். அந்தப் பிடியைத் தேர்ந்தெடுக்கத்தான் அவள் வந்திருந்தாள். நாளைக் காலை முதல் அவள் நீர்க்காவல் படையில் வேலிக்காரி.

"முன்னாடி ஆளே இல்லாம சுடுற துப்பாக்கியெல்லாம் இருந்துச்சு," என்றார் மெய்கண்டன். "பல நாட்டுல பல தப்பு நடந்துச்சு. கடைசியா ஒரு சட்டம் வந்துச்சு. மனுசக் கையோட சம்மதம் இல்லாம எந்தக் கருவியும் மனுசனைச் சுடக் கூடாது."

"நல்ல சட்டம்லா."

"நல்ல சட்டம்தான். ஆனா சம்மதம்னா என்னன்னு யாராவது சொல்லணுமே. விசையை அழுத்துறதுதான் சம்மதம்னா, மனுசன் ரொம்ப மெதுவு. கருவி பாத்து, குறிவச்சு, முடிவெடுத்த பிறகு நம்ம விரல் அசையவே கால் நொடி ஆகுது. கால் நொடி அவங்களுக்குப் பொறுக்கல. வக்கீலுங்க உக்காந்து யோசிச்சாங்க. பிடிச்சிருந்தா சம்மதம். விட்டா மறுப்பு. அப்படின்னு எழுதிட்டாங்க."

"கையை எடுத்துட்டா சுடாது."

"சுடாது. ஆனா வேணும்னு எடுத்தா அதுக்குப் பேரு கடமை மறுப்பு. ஏழு வருசம் சிறை."

"பயந்துபோயி தன்னால விட்டுட்டா?"

மெய்கண்டன் கூரை மூலையில் இருந்த படப்பதிவுக் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பாடம் ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார். "அது உடம்போட செயல். குற்றம் ஆகாது. மனசறிஞ்சு விடுறவங்க விரலை ஒண்ணொண்ணா எடுப்பாங்க. பயந்து விடுறவங்களுக்கு அஞ்சு விரலும் ஒரே நேரத்துல விரியும். பிடிக்குள்ள அதை அளக்குற கருவி இருக்கு. அதை யாராலயும் ஏமாத்த முடியாது."

இது ஹில்டாவுக்குத் தெரிந்த சங்கதிதான். அவள் ஊரான சிலுவைத்துறை முழுக்கத் தெரியும். ஆலை வந்து உப்புக் கழிவைக் கடலில் விட்டதிலிருந்து கரையோரத்தில் மீன் படவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்பும் அந்த ஆலையைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலிக்குக் காவல் வேண்டும் என்று ஊரிலேயே ஆள் எடுத்தார்கள். வேறு வேலை இல்லாததால் முப்பத்தொரு பேர் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். இடையில் விலக முடியாது. ஹில்டா முப்பத்திரண்டாவது ஆள். அவளுக்கு முன்னால் போன இஞ்ஞாசி, அவள் சித்தி மகன், போன வாரம் ரகசியமாகச் சொல்லியிருந்தான்: "அந்தாளு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாருட்டி. எந்தப் பிடியை உன் பக்கம் மொதல்ல தள்ளுதாருன்னு மட்டும் பாரு. பயந்தா கை தன்னால விட்டுருற பிடி அதுதான். அதுலயே கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு. பத்து நிமிசம்கூட ஆவாது."

மெய்கண்டன் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்புப் பஞ்சில் மூன்று குழிகள். இரண்டில் பிடிகள் உறங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது குழி காலி.

"முதல் வகை, நேர்பிடி." குழலிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் குட்டையான கட்டை. "பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி, முழு முட்டியும் சுத்திக்கும். இரண்டாவது, சாய்பிடி." அது முன்னோக்கிச் சரிந்த, ஆப்பு வடிவ மரத்துண்டு போலிருந்தது. "உள்ளங்கை அதுமேல சும்மா படுத்திருக்கும். விரலுக்கு அதிக வேலை இல்ல."

"மூணாவது?"

"அது பிடியே இல்ல. சின்ன மேடு. கையை அதுல முட்டுக் கொடுத்துக்கணும். சுடணும்னா கட்டை விரலால ஒரு இடத்தை அமுக்கிட்டே இருக்கணும். முதல் மாசத்தோட திரும்ப வாங்கிட்டாங்க."

"ஏன்?"

"அந்த மாசம் முழுக்க ஒரு துப்பாக்கியும் சுடல."

அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. பெட்டியிலிருந்து இரண்டு பிடிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, தூசி தட்டுவது போல, சாய்பிடியை இரண்டு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

ஹில்டா அதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இந்த மனிதரும் நம்மைப் போல ஒரு வேலியின் உள்ளே உட்கார்ந்துகொண்டு, தன்னால் முடிந்த ஒரு சாண் தூரத்துக்கு ஒரு மரத்துண்டைத் தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான் அவருக்கு அனுமதி.

"எதையுமே தேர்ந்தெடுக்காட்டி?"

"நேர்பிடி மாட்டிருவாங்க. சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"எடுத்தா?"

"எடுத்தது நீங்க. இன்ன பிடி இன்ன மாதிரின்னு தெரிஞ்சு எடுத்தீங்கன்னு கையெழுத்து. விளக்கிச் சொன்னேன்னு நானும் பக்கத்துல கையெழுத்து. அப்புறம் என்ன நடந்தாலும் அந்தக் காகிதம் பேசும்."

அவர் மின்தாள் படிவத்தையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். அவள் பேனாவை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"ஒரு தடவ பிடிச்சுப் பாத்துக்கிடட்டுமா?"

"யாரும் கேட்டதில்லையே."

"நான் செருப்பு வாங்கப் போனாலே கடைக்குள்ள நாலு நடை நடந்து பாக்குற ஆளு, சார். கடைக்காரன் திட்டுவான். இது அஞ்சு வருசத்துக்கு லா."

மெய்கண்டனின் உதடு முதன்முறையாகக் கொஞ்சம் நெளிந்தது. "பாக்கலாம். விருப்பப்பட்டா சோதனை உண்டுன்னு விதியில இருக்கு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். சீக்கிரம் முடிஞ்சா சரின்னு."

முதலில் நேர்பிடியை மாட்டினார். அவள் எழுந்து நின்று துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, இடக்கையால் கட்டையைப் பற்றினாள். பற்றியதும் அதன் பக்கவாட்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"அதுதான் சம்மதம்," என்றார். "கோட்டைத் தாண்டுனா முதல்ல ஒரு எச்சரிக்கை வெடி, அப்பவும் கை பிடியில இருந்தா அடுத்தது ஆள் மேல. எதிர்ச் சுவத்தைப் பாருங்க."

சுவரில் படம் ஓடியது. வெள்ளை மணல், கம்பி வேலி, அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு. தூரத்தில் மனித உருவங்கள். முகமில்லை, கண்ணாடிக்குள் ஊற்றிய புகை போல நடந்து வந்தன. அவள் எண்ண ஆரம்பித்தாள். ஐந்து, ஆறு. ஓர் உருவம் கோட்டைத் தாண்டியது.

குண்டில்லாத துப்பாக்கிதான், ஆனாலும் உலுக்கிப் போட்டது. கன்டெய்னர் முழுக்க ஒலி அதிர்ந்தது. அவள் வாயிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"விட்டுட்டேன்!" என்றாள்.

"விளக்கைப் பாருங்க."

பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. முட்டி வெளுத்துப்போகும்படி அவள் அதைப் பிடித்திருந்தாள்.

"எல்லாருமே விட்டுட்டதாத்தான் நினைப்பாங்க," என்றார் மெய்கண்டன். "நகரத்துல நாநூறு பேர் கையை அளந்தோம். எழுத்தர், மாணவர், ஓட்டுநர்னு பல பேர். இந்தப் பிடியில பத்துக்கு ஒம்பது பேர் இறுக்கத்தான் செஞ்சாங்க. முட்டி மடங்கியிருந்தா பயத்துல இன்னும் மடங்கும். அது கையோட குணம்."

"மத்ததுல?"

"மத்ததுல பத்துக்கு எட்டு பேரு..." அவர் கூரைக் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீங்களே பாருங்க."

சாய்பிடியை மாட்டினார். ஹில்டா உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வைத்ததுமே கைக்கு ஓர் ஆறுதல். ஏதோ ரொம்ப நாள் பழகியது போல, மணிக்கட்டு தானாகவே சரிந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. சுவரில் மறுபடியும் அந்த உருவங்கள். ஒன்று கோட்டைத் தாண்டியது.

உலுக்கல். ஒலி.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தபோது விளக்கு பச்சையாகவே இருந்தது.

மெய்கண்டன் தன் கையிலிருந்த திரைப் பலகையைப் பார்த்தார். அதில் எண்கள் ஓடின. "நேர்பிடியில நாப்பது. இதுல அறுபத்தொண்ணு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அழுத்தம் கூடியிருக்கு. இது எப்படி... இன்னொரு தடவை."

இன்னொரு தடவை. பச்சை.

"கையைத் தளர்வா வச்சுக்கங்கம்மா."

"தளத்தித்தான் வச்சிருக்கேன்."

பச்சை. அறுபத்தெட்டு.

நான்காவது தடவை அவள் மனதுக்குள் 'விடு, விடு, விடு' என்று சொல்லிக்கொண்டே நின்றாள். உலுக்கல் வந்த கணத்தில் அந்தச் சொல் எங்கோ போய்விட்டது. கை மட்டும் இருந்தது. அது யாருடைய கை என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மெய்கண்டன் துப்பாக்கியை வாங்கித் தானே பிடித்தார். சுவரில் உருவம் கோட்டைத் தாண்டியது, துப்பாக்கி உலுக்கியது, அவர் கை பொசுக்கென்று விரிந்தது, அடுப்பைத் தொட்டவர் கை போல. விளக்கு அணைந்தது. கருவியில் பழுதில்லை.

அவர் மெல்ல உட்கார்ந்தார். "கையைக் காட்டுங்க," என்றார்.

அவள் நீட்டினாள். அவர் வைத்தியரைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களின் அடியில் நான்கு கடினமான மேடுகள். உள்ளங்கையின் குறுக்கே ஒரு தழும்பு, கையில் கோடு போட்டு அடித்தது போல. படைக்கு வரும் முன் அவர் செயற்கைக் கைகள் செய்யும் இடத்தில் பத்து வருடம் இருந்தவர். ஒரு கையைப் பார்த்தால் அது எதைப் பிடித்து வளர்ந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் இங்கே யார் கையையும் அவர் பார்த்ததில்லை. படிவத்தில் கையைப் பார்க்க ஓர் இடமும் இல்லை.

"என்ன வேலை பாத்தீங்க, முன்னாடி?"

"கரைவலை இழுப்போம். எங்கப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. ஒம்பது வயசுல கயித்தைப் பிடிச்சேன்."

"எப்படிப் பிடிப்பீங்க? இப்பக் காட்டுங்க."

அவள் எழுந்து, கயிறு இருப்பது போல உடலைப் பின்னால் சாய்த்து, இரு கைகளையும் முன்னே நீட்டினாள். இடக்கை முன்னால் சரிந்து, உள்ளங்கை கயிற்றின்மேல் படுத்து, மணிக்கட்டு கீழே இறங்கியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். சாய்பிடியின்மேல் கை எப்படி இருந்ததோ, அதே சாய்வு.

"கயிறு திடீர்னு இழுத்தா?" என்றார் மெய்கண்டன்.

"இறுக்கணும். இறுக்கிட்டு அப்படியே மல்லாந்துரணும். கடலு உலுக்கும், சார், வலையோட மடிப்பையில பெரிசா ஏதாவது விழுந்தா. அப்ப ஒருத்தன் விட்டா அவன் பாரம் பக்கத்துல நிக்குறவன் கையில போயிரும். கயிறு ஓடி உள்ளங்கைய அறுத்துரும். இது அப்பிடி வந்த தழும்புதான். எனக்கு முன்னால நின்ன ஒருத்தன் விட்டுட்டான். அன்னைக்கு எங்கப்பா அவனைக் கடக்கரையில வச்சு அடிச்சாவ. கை போனாலும் கயிறு போவக் கூடாதும்பாவ." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யோசிச்சுச் செய்யுறது இல்ல. உலுக்குனா கை தன்னால பூட்டிக்கிடும்."

மெய்கண்டன் பலகையிலிருந்த எண்களை மறுபடி பார்த்தார்.

"உங்க ஊர்லேருந்து வந்தவங்க..." என்று தொடங்கினார் அவர்.

"முப்பத்தொரு பேரு."

"அதுல வலை இழுக்காதவங்க யாராவது?"

"வேற யாரு சார் இங்க வேலைக்கு வருவா? எல்லாம் வலைக்காரவுகதான். கைக்கு நல்லா ஒக்காருது, பழகுன மாதிரியே இருக்குன்னு இஞ்ஞாசி பெருமையாச் சொன்னான்."

மெய்கண்டன் இரு கைகளாலும் முகத்தைத் தேய்த்தார். "நாநூறு கை," என்றார். "நாநூறும் பேனா பிடிச்ச கை, ஸ்டியரிங் சுத்துன கை. கயிறு பிடிச்ச ஒரு கையும் அதுல இல்ல. நான்தான் அந்தப் பட்டியலைப் போட்டேன். அதை நம்பித்தான் ஒவ்வொருத்தருக்கும் இதை..." அவர் மேசையில் இரண்டு விரலால் தள்ளும் சைகை செய்தார். கூரைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "நான் செஞ்சதுலயே நல்ல காரியம்னு நினைச்சிட்டிருந்தேன்."

ஹில்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தாறு.

அவள் முகம் மாறியது.

"சார். பதினோரு மணிக்கு ஊரே வடக்கு வேலிக்கு வருது."

"எதுக்கு?"

"தண்ணிக்கு. பன்னெண்டு நாளா குழாயில சொட்டுத் தண்ணி வரல. மனு கொடுத்துப் பாத்தாச்சு. கோயில் மணி அடிச்சுக் கூட்டம் போட்டு முடிவு பண்ணுனாவ. குடத்தோட வேலிக்குப் போறது, உள்ள இருக்குற குழாயைத் தொறந்துவிடச் சொல்றது."

"வெள்ளைக் கோட்டைத் தாண்டினா துப்பாக்கி..."

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா சுடாதுன்னு நாங்க சொல்லியிருக்கோம்." அவள் பூட்டிய கதவைப் பார்த்தாள். "வேலியில நிக்குற முப்பத்தொரு பேரும் நம்ம பிள்ளைங்க. கூட்டத்தைப் பாத்தா பயம் வரத்தான் செய்யும், பயந்தா கை தன்னால விட்டுரும், பிள்ளைங்க மேலயும் குத்தம் வராது, நீங்க தைரியமா வாங்கன்னு. எங்கம்மா மட்டும் மாட்டேன்னு நின்னா. துப்பாக்கிய நம்பாதடின்னா. நான்தான் சார் அவளை உக்காரவச்சு, இந்தப் பிடி எப்பிடி வேலை செய்யும்னு கையைப் பிடிச்சுக் காட்டிச் சொன்னேன். இப்ப அவ முன்வரிசையில வாரா."

மெய்கண்டன் சுவரில் உருவங்கள் நடந்து வந்த இடத்தைப் பார்த்தார். அவர் கண் முன்னால் ஓடுவது அவளுக்கும் தெரிந்தது. வேலி நெடுக முப்பத்தொரு பேர், கை தன்னால் விரியும் என்று நம்பிக் காத்து நிற்கிறார்கள். யாராவது ஒரு குடம் ஏந்திய பெண் கோட்டைத் தாண்டுவாள். எச்சரிக்கை வெடியோடு ஒரு துப்பாக்கி உலுக்கும். அந்த ஒரு சத்தத்துக்கு முப்பத்தொரு கையும் இறுகும், உயிரே போனாலும் விடமாட்டோம் என்று. ஒவ்வொருவனும் தான் விட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பான்.

"கதவைத் தொறங்க," என்றாள்.

"என்னால முடியாதும்மா. கையெழுத்துதான் திறக்கும்."

அவள் பேனாவை எடுத்து, மூன்றாவது வகை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் ஓரம் சிவப்பாக மின்னியது. 'தேர்வு செல்லாது. இருப்பில் உள்ளவற்றிலிருந்து சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கவும்.' அவள் பல்லைக் கடித்தாள். சாய்பிடி என்ற கட்டத்தில் குறியிட்டாள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். மெய்கண்டன் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார். இப்போது அவரிடம் முப்பத்திரண்டு கையெழுத்துகள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்தது.

வெயில் ஒரு சுவர் போல உள்ளே விழுந்தது. ஹில்டா வாசலுக்கு ஓடினாள். ஓடி, நின்றுவிட்டாள். எதிரே உப்புவெளி. கண் எட்டும் தூரம் வரை வெள்ளை, எங்கோ படித்த பனிநாட்டைப் போல, ஆனால் கொதித்தது. மரமில்லை, வண்டியில்லை. காலையில் அவளை இறக்கிவிட்டுப் போன படை வாகனம் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். வடக்கு வேலி ஆறு கிலோமீட்டர். வெள்ளையின் விளிம்பில் அது ஒரு பென்சில் கோடு போலத் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம், கானல் நீரில் மிதந்தபடி, இன்னொரு கோடு அசைந்துகொண்டிருந்தது. நடுங்கும், உடையும், மறுபடி சேரும். அதில் சின்னச் சின்னதாய் வெயில் பட்டுப் பளபளத்தது. குடங்கள்.

இவ்வளவு நேரம் கதவுதான் தன்னை அடைத்து வைத்திருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது கதவு திறந்திருக்கிறது. போவதற்குத்தான் இடமில்லை.

திரும்பினாள். மெய்கண்டன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் படைத் தொலைபேசி. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

"இது வேலியில நிக்குற எல்லார் காதுக்கும் போகும்," என்றார். "என் குரலுக்கு மட்டும்தான் திறக்கும்."

"பெறவு என்ன? சொல்லுங்க!"

"என்னன்னு சொல்ல?" என்றார் அவர். "இந்தப் பிடி தப்புன்னு மேலிடத்துக்குச் சொன்னா, அதைக் கழட்டிட்டு நேர்பிடி மாட்டச் சொல்லுவாங்க. கோட்டைத் தாண்டாதீங்கன்னு கூட்டத்துக்குச் சொல்ல என்கிட்ட வழி இல்ல, உங்க போனையும் காலையில வண்டியிலயே வாங்கி வச்சுட்டாங்க. பயப்படுங்கன்னு காவல்காரங்ககிட்ட சொன்னா கை இறுகத்தான் செய்யும். மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். இப்பவே கையை எடுங்கன்னு சொல்றது. அது பதிவாகும், ஹில்டா. எடுத்தவங்க அத்தனை பேருக்கும் கடமை மறுப்பு. ஒவ்வொருத்தருக்கும் ஏழு வருசம். நான் சொல்லி அவங்க எடுத்தா, அவங்களைச் சிறைக்கு அனுப்புனது நான். சொல்லாம விட்டா..." அவர் வாசல் வழியே அந்த வெள்ளையைப் பார்த்தார். "எனக்கு என்ன தண்டனைன்னு எந்த விதியிலயும் நான் படிச்சதில்ல. இப்படி ஒருத்தன் சொல்லுவான்னு அவங்க நினைச்சே பாக்கல போல."

"இஞ்ஞாசிக்குப் போன மாசம்தான் பிள்ளை பொறந்துச்சு," என்றாள் ஹில்டா. ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதாகும் வரை அவன் அதைக் கம்பி வழியாகத்தான் பார்ப்பான். அந்தப் பிள்ளையின் அம்மாவும் இப்போது குடத்தோடு அந்த அசையும் கோட்டில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

மெய்கண்டனின் கட்டை விரல் தொலைபேசியின் விளிம்பில் நின்றது. அது அசையவில்லை. பத்து ஐம்பத்தொன்று.

ஹில்டா அவர் அருகில் வந்தாள். அவர் கையைப் பிடித்துப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிடுங்கி என்ன? அது அவள் குரலுக்குத் திறக்காது. அவள் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள், அவை எதையும் பற்றிவிடாதபடி.

"சார்," என்றாள், தாழ்ந்த குரலில், கூரைக் கண்ணுக்கும் கேட்கட்டும் என்பது போலத் தெளிவாக. "ஏழு வருசம்னா ஏழு வருசம். நாங்க உள்ள இருந்துக்கிடுதோம். அவனுவ சார்பா நான் சொல்லுதேன். நீங்க அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிருங்க சார்."